‘நெட்’ குருவே சரணம்!

‘‘டேய்... நீ பியானோ வாசிக்கிறியா, இல்ல பட்டாணி வறுக்கிறியா?’’

என்னோட முதல் கச்சேரிக்குக் கிடைச்ச முதல் விமர்சனம் இது. இடம்: ஹாஸ்டல் ரூம். நேரம்: ராத்திரி பதினொண்ணரை. விமர்சகர்: பக்கத்துக் கட்டில் போர்வைக்குள்ள இருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிய என் ரூம் மேட். நான் ஹெட்போன் மாட்டியிருந்தேன். அதனால என் காதுல பீத்தோவன். அவன் காதுலயோ பிளாஸ்டிக் கட்டை தட்டுற ‘டொக்... டொக்... டொக்’ மட்டும்! பாவம், அவனைக் குத்தம் சொல்ல முடியாது.

பியானோ மேல எனக்கு ஆசை வந்தது பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பார்த்துத்தான். பணக்கார பங்களா, ஹால் நடுவுல பளபளன்னு ஒரு பியானோ, ஹீரோயின் பிறந்தநாள் பார்ட்டி. கோட்டு சூட்டோட ஹீரோ உட்கார்ந்து பத்து விரலையும் ஓட விடுவார். விரல் ஒரு பக்கம் போகும், சத்தம் இன்னொரு பக்கம் வரும். அது வேற விஷயம்! ஆனா அந்த கெத்து இருக்கே... ‘வாசிச்சா இதைத்தான் வாசிக்கணும்’னு எட்டாம் கிளாஸ்லயே முடிவு பண்ணிட்டேன்.

முடிவு பண்ணினா போதுமா? எங்க ஊர் சிவகாசி பக்கம். நாதஸ்வரம், தவில் கத்துக்கணும்னா ரெண்டு தெரு தள்ளி வாத்தியார் கிடைப்பார். பியானோவுக்கு? மதுரைக்கு பஸ் ஏறணும். கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்ந்த பிறகு விசாரிச்சா, கிளாஸ் நேரமும் லேப் நேரமும் மல்லுக்கு நின்னுச்சு. ஃபீஸைக் கேட்டதும் மெஸ் பில் கண்ணுல வந்து போச்சு. கடைசியில, லைட் மியூசிக் ட்ரூப்ல வாசிக்கிற ஒரு அண்ணன்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல 61 கட்டை கீபோர்டு ஒண்ணு வாங்கினேன். வாத்தியார்? போன்லயே இருக்கார். ஃபீஸ் கிடையாது, திட்ட மாட்டார், நடுராத்திரி எழுப்பினாலும் சிரிச்ச முகத்தோட பாடம் எடுப்பார். நெட்!

நாலே வாரம்... நானே பீத்தோவன்!

தேடிப் பார்த்தா வீடியோ வண்டி வண்டியா கொட்டுது. அதுல எனக்குப் பிடிச்சது, கலர் கலரா பட்டைகள் மேல இருந்து மழை மாதிரி இறங்குற வகை. நீலப் பட்டை விழுந்தா இடது கை, பச்சைப் பட்டை விழுந்தா வலது கை. எந்தக் கட்டை மேல விழுதோ அதை அமுக்கணும். அவ்வளவுதான்! நொட்டேஷன் வேண்டாம், தியரி வேண்டாம். வீடியோ கேம் மாதிரியே ஜாலி.

நான் எடுத்த முதல் பாட்டு பீத்தோவனோட ‘ஃபூர் எலீஸ்’. பேர் தெரியலைன்னாலும் டியூன் உங்களுக்குத் தெரியும். போனை ‘ஹோல்டு’ல போட்டா கேட்குமே, அதேதான். பீத்தோவன் 1810-ல எழுதியது. அவர் இறந்து 40 வருஷம் கழிச்சு, 1867-லதான் அச்சுல வந்துச்சு. முதல் ஒன்பது நோட்டு வாசிச்சாலே கேட்கிறவங்க ‘அட!’ம்பாங்க. அந்த ‘அட!’வுக்காகவே உலகத்துல பாதிப் பேர் அதோட முதல் பக்கத்தை மட்டும் கத்துக்கிட்டு நிறுத்திடுறாங்கன்னு நினைக்கிறேன். நடுவுல விரல் பின்னிக்கிற பகுதிகள் இருக்குன்றதே எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரியும்!

நாலு வாரத்துல நாலு பாட்டு. வீட்டுக்கு வீடியோ அனுப்பினேன். அம்மா அதை அத்தைக்கு அனுப்ப, அத்தை அதை அவங்க அபார்ட்மென்ட் குரூப்ல போட, நான் குடும்பத்துல அதிகாரபூர்வ ‘பியானிஸ்ட்’ ஆயிட்டேன். ரூம் மேட்கூட பட்டாணி கமென்ட்டை வாபஸ் வாங்கிட்டான். அங்கேதான் சனி சம்மணம் போட்டு உட்கார்ந்துச்சு.

நாகர்கோவில்ல வெச்சு ‘டங்’!

போன வருஷம் மே மாசம், அதே ரூம் மேட்டோட அக்கா கல்யாணம். ஊர் நாகர்கோவில். சர்ச்சுல கல்யாணம் முடிஞ்சு பக்கத்து ஹால்ல விருந்து. ஹால் மூலையில சுவரை ஒட்டி உயரமா ஒரு மர அலமாரி மாதிரி... பியானோ! நிஜப் பியானோ! வாழ்க்கையில முதல் தடவையா நேர்ல பார்க்கிறேன்.

நண்பன் சும்மா இருந்தானா? மைக்கைப் பிடிச்சு, ‘‘இப்ப என் ஃப்ரெண்டு பியானோ வாசிப்பான்’’னு அறிவிச்சுட்டான். தென்மாவட்டத்து சர்ச்சுகள்ல கொயர், ஆர்கன் எல்லாம் தலைமுறை தலைமுறையா இருக்கிற விஷயம். அந்த ஹால்ல சும்மா உட்கார்ந்து பிரியாணி சாப்பிடுறவங்கள்ல பாதிப் பேர் நாலு குரல்ல பாடத் தெரிஞ்சவங்கன்றது அப்போ எனக்குத் தெரியாது.

உட்கார்ந்தேன். முதல் அதிர்ச்சி: கட்டை கனக்குது! என் கீபோர்டுல தொட்டாலே சத்தம் வரும். இங்கே உள்ளே ஒரு சுத்தியலை நிஜமாவே தூக்கி அடிக்கணும். ரெண்டாவது அதிர்ச்சி: கட்டை 88. என் கீபோர்டுல ‘நடு’ எங்கேன்னு கம்பெனிப் பேர் எழுதியிருக்கிற இடத்தை வெச்சுக் கண்டுபிடிப்பேன். இங்கே அந்த அடையாளம் இல்லை. மூணாவது அதிர்ச்சிதான் பெரிசு: எதிர்ல ஸ்க்ரீன் இல்லை. பட்டை விழலை!

முதல் ஒன்பது நோட்டு வந்துச்சு. ‘அட!’ன்னு நாலு பேர் திரும்பினாங்க. அப்புறம் இடது கை எங்கேயோ போய் ‘டங்’. திரும்ப முதல்ல இருந்து... திரும்ப ‘டங்’. மூணாவது ‘டங்’குக்கு ஒரு குட்டிப் பையன் சத்தமாவே சிரிச்சான். 1920-களில் அமெரிக்காவுல தபால் மூலமா பியானோ சொல்லித் தந்த ஒரு ஸ்கூலுக்கு ஜான் கேப்பிள்ஸ்னு ஒருத்தர் எழுதின விளம்பரம் இன்னைக்கும் விளம்பரக் கல்லூரிகள்ல பாடம். பார்ட்டியில ஒருத்தன் பியானோ முன்னாடி உட்காரும்போது எல்லாரும் சிரிக்கிறாங்க; வாசிக்க ஆரம்பிச்சதும் அசந்து போயிடுறாங்க. இதுதான் கதை. என் கதை அப்படியே உல்டா. உட்காரும்போது யாரும் சிரிக்கலை பாஸ்!

எழுந்து ஓடப் பார்த்தவனை ஒரு கை தோள்ல பிடிச்சு உட்கார வெச்சுது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, எழுபது வயசுக்கு மேல இருக்கும். அந்த சர்ச்சுல ரொம்ப வருஷம் ஆர்கன் வாசிச்சவராம்.

‘‘மக்ளே, ஒண்ணு கேக்கட்டா? இப்ப நீ வாசிச்சதுல எந்தக் கை சத்தமா இருந்துச்சு? வலதா, இடதா?’’

முழிச்சேன். நிஜமாவே தெரியலை. வாசிச்சது நான். ஆனா நான் அதைக் கேட்கவே இல்லை!

தாத்தா சிரிச்சார். ‘‘இடது கை அடிச்ச அடியில பாட்டே கேக்கல. கண்ணால படிச்சிருக்கே. காதையும் கொஞ்சம் சேத்துக்கோ.’’ அப்புறம் என் தோளை லேசா அமுக்கினார். காது வரைக்கும் தூக்கி வெச்சிருந்த தோள் ஒரு அங்குலம் இறங்கினது எனக்கே தெரிஞ்சுது. ஒரு வருஷமா என் வலது மணிக்கட்டு ஏன் வலிச்சுதுன்னு அந்த நிமிஷம்தான் புரிஞ்சுது.

எந்த வீடியோவும் என் தோளைப் பார்த்ததே இல்லையே!

பேர்லயே இருக்கு விஷயம்

ஊருக்குத் திரும்பினதும் கோபத்துல கீபோர்டை வித்துடலாம்னு நினைச்சேன். ஆனா தாத்தாவோட கேள்வி விடாம துரத்துச்சு. பியானோன்னா என்னன்னு உருப்படியா படிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

இத்தாலியில ஃப்ளாரன்ஸ் நகரத்துல பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரின்னு ஒரு வாத்தியக் கலைஞர் 1700-ஐ ஒட்டி பியானோவைக் கண்டுபிடிச்சார். அதுக்கு முன்னாடி ஹார்ப்சிகார்டுன்னு ஒரு வாத்தியம். கட்டையை அமுக்கினா உள்ளே ஒரு சின்ன கொக்கி கம்பியைச் சுண்டும். மெதுவா அமுக்கினாலும் ஓங்கிக் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான். கிறிஸ்டோஃபோரி கொக்கிக்குப் பதிலா சுத்தியலை வெச்சார். மெதுவா தட்டினா மெல்லிசா, வேகமா தட்டினா பலமா. அதனால அதுக்கு வெச்ச பேர்லயே இத்தாலிய மொழியில ‘மெல்லிசு’க்கான பியானோவும், ‘பல’த்துக்கான ஃபோர்ட்டேவும் சேர்ந்து இருந்துச்சு. பேர் நீளம்னு நாம ‘பியானோ’வை மட்டும் வெச்சுக்கிட்டோம்.

ஆக, அந்த வாத்தியம் பிறந்ததே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறதுக்காக. விழுற பட்டைகள்ல இல்லாத ஒரே விஷயமும் அதுதான்! எந்தக் கட்டை, எப்போ, எவ்வளவு நேரம்னு பட்டை சொல்லும். எவ்வளவு மெதுவா, எந்த விரலால, எந்தக் கை முன்னாடி வரணும்னு சொல்லாது. மைக் வழியா நாம வாசிக்கிறதைக் கேட்டு ‘சபாஷ்’ சொல்ற ஆப்கள் இருக்கு. அதுகளும் பெரும்பாலும் ‘சரியான நோட்டு, சரியான நேரம்’ வரைக்கும்தான் மார்க் போடும். தோள் எவ்வளவு இறுகியிருக்குன்னு மார்க் போடாது.

நெட் காட்டும். நெட் கேட்காது. இதைப் புரிஞ்சுக்கிட்டா பாதி பியானோ வந்த மாதிரி.

‘ஒரு கட்டை’ ரகசியம்

பூஜ்யத்துல இருந்து திரும்ப ஆரம்பிச்சேன். கீபோர்டைப் பார்த்தா பயமா இருக்குறவங்களுக்கு ஒரு நல்ல சேதி. அதுல பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்!

‘அவர் ஒரு கட்டையில பாடுவார்’, ‘அந்தம்மாவுக்கு அஞ்சரைக் கட்டை’ன்னு கச்சேரி ரசிகர்கள் பேசிக் கேட்டிருப்பீங்க. அந்தக் கட்டை ஆர்மோனியத்தோட கட்டைதான். ஒரு கட்டைன்னா ‘சி’. ரெண்டு கட்டைன்னா ‘டி’. மூணு ‘இ’, நாலு ‘எஃப்’, அஞ்சு ‘ஜி’, ஆறு ‘ஏ’, ஏழு ‘பி’. நடுவுல வர்ற கறுப்புக் கட்டைகள் ஒண்ணரை, ரெண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை. கறுப்புக் கட்டைகள் ரெண்டு ரெண்டாவும் மூணு மூணாவும் மாறி மாறி நிக்கும். ரெண்டு கறுப்பு சேர்ந்து நிக்கிற இடத்துக்கு இடது பக்கத்து வெள்ளைதான் ‘சி’. 61 கட்டையா இருந்தாலும், 88 கட்டையா இருந்தாலும் (52 வெள்ளை, 36 கறுப்பு) இந்தக் கணக்கு மாறாது. இது தெரிஞ்சிருந்தா நாகர்கோவில்ல நான் நடுவைத் தேடி முழிச்சிருக்க மாட்டேன்.

‘சி’யை ஸட்ஜமா வெச்சு வெள்ளைக் கட்டைகளை வரிசையா வாசிங்க. மேற்கத்திய ஆட்கள் அதை ‘சி மேஜர்’னு சொல்வாங்க. நம்ம ஆட்கள் ‘சங்கராபரணம்’னு சொல்வாங்க!

இன்னொரு மேஜிக். வெள்ளையைத் தொடாம கறுப்பை மட்டும் வாசிங்க. மூணு கறுப்புல முதல் கட்டையை ‘ஸ’ன்னு வெச்சு மேல போனா மோகனம். நடுக் கட்டையை ‘ஸ’ன்னு வெச்சா மத்யமாவதி. மூணாவதை வெச்சா ஹிந்தோளம். ரெண்டு கறுப்புல முதல் கட்டையில தொடங்கினா சுத்த சாவேரி. அடுத்ததுல தொடங்கினா சுத்த தன்யாசி. கட்டை அதே அஞ்சுதான். ஆரம்பிக்கிற இடம் மாறினா ராகமே மாறிடுது! முதல் நாள் கீபோர்டு வாங்கினவங்களும் தப்பே இல்லாம அரை மணி நேரம் விளையாடலாம். காதுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியலை.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாற வேண்டாம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கிற வளைவுகள், அதாவது கமகம், பியானோவுல வராது. ஸ்வரக்கூடு வரும், ராகத்தோட உயிர் முழுசா வராது. அதுக்குள்ளேயே அழகா வழி கண்டுபிடிச்சவங்களும் இருக்காங்க. அனில் ஸ்ரீநிவாசன் பியானோவும் சிக்கில் குருசரண் பாட்டும் சேர்ந்து செய்த நிகழ்ச்சிகளைத் தேடிக் கேளுங்க. பாட்டை மூடாம பியானோ எவ்வளவு அடங்கி நடக்குதுன்னு கவனிங்க. தாத்தா கேட்ட கேள்விக்கு அதுல பதில் இருக்கு.

கட்டை விரல் கண்டத்தைத் தாண்டுவது எப்படி?

அடுத்த பிரச்னை விரல். பியானோவுல கட்டை விரல் 1, சுண்டு விரல் 5. ரெண்டு கைக்கும் அப்படித்தான். சி மேஜர் வாசிக்க எட்டு கட்டை. கையில விரலோ அஞ்சு. என்ன பண்றது? வலது கையில 1-2-3 வாசிச்சு, கட்டை விரலை உள்ளங்கைக்குக் கீழே நுழைச்சு மறுபடி 1-2-3-4-5. இந்த ஒரு நுழைப்பு வராம, நான் ஆள்காட்டி விரலை மட்டும் வெச்சு கீபோர்டு முழுக்க ஓடிக்கிட்டு இருந்தேன். டைப்பிங்ல ரெண்டு விரல்ல அடிக்கிறவங்க மாதிரி. மெதுவான பாட்டுக்கு ஓடும். வேகம் கூடினா விரல் விரலோட மோதும்.

அதனால, வாசிக்கிறவரோட கையும் விரல் எண்ணும் தெளிவா தெரியுற வீடியோவாப் பார்த்து எடுங்க. பட்டை மட்டும் விழுற வீடியோவை ‘பாட்டு எப்படி இருக்கும்’னு பார்க்க வெச்சுக்கலாம். அதுவே பாடம் ஆகாது.

வரிசையும் முக்கியம். இன்னைக்கு ஒரு சினிமாப் பாட்டு, நாளைக்கு ஒரு ‘அஞ்சே நிமிஷத்துல ஜாஸ்’, நாளன்னைக்கு இன்னொருத்தர்னு தாவினா குரங்கு வாங்கின கீபோர்டு மாதிரிதான். ஒரே ஆசிரியரோட முதல் பாடத்துல இருந்து வரிசையா போங்க. உதாரணத்துக்கு, அமெரிக்காவுல ஜோசப் ஹாஃப்மன்னு ஒருத்தர் நடத்துற ‘ஹாஃப்மன் அகாடமி’யோட வீடியோ பாடங்கள் குழந்தைகளுக்குன்னு செய்தது. வெட்கப்படாம உட்காருங்க. பியானோ முன்னாடி நாமளும் குழந்தைதானே!

நொட்டேஷன் படிக்கவும் கத்துக்கோங்க. அஞ்சு கோட்டைப் பார்த்து நானும் மிரண்டேன். தினம் பத்து நிமிஷம் ஒதுக்கினேன். சில மாசத்துல தமிழ் பேப்பர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்காவது வந்துடுச்சு. படிக்கத் தெரிஞ்சா ஒரு புதையலே திறக்கும். காப்புரிமைக் காலம் முடிஞ்ச இசைத் தாள்களை இலவசமா தர்ற ஐ.எம்.எஸ்.எல்.பி. இணையதளத்தை 2006-ல ஆரம்பிச்சவர், எட்வர்ட் குவோன்னு நம்மளை மாதிரி ஒரு காலேஜ் ஸ்டூடன்ட்தான். பாக், மொசார்ட், பீத்தோவன்னு எல்லாரும் அங்கே இருக்காங்க. ஆரம்பப் பாடமா எல்லாரும் வாசிக்கிற ‘பாக்கின் ஜி மேஜர் மினுவெட்’ உண்மையில பாக் எழுதினதில்லை, கிறிஸ்டியான் பெட்சோல்டுன்றவர் எழுதினதுன்னு எனக்குத் தெரிஞ்சதும் இப்படித் தேடிப் படிச்சப்போதான். பேரைத் தட்டிப் பறிக்கிறது சினிமாவுல மட்டும் நடக்கிறதில்ல போல!

லைவ் கிளாஸ்... லைட்டா கவனம்!

லாக்டவுன் வந்த 2020-க்கு அப்புறம் வீடியோ காலில் பியானோ சொல்லித் தர்றது சகஜமாயிடுச்சு. பதிவு செய்த வீடியோவைவிட இது பல மடங்கு மேல். எதிர்ல ஒரு மனுஷக் காது இருக்கே! ஆனா சில சிக்கல்கள் இருக்கு.

முதல் சிக்கல், தாமதம். உங்க சத்தம் அங்கே போய்ச் சேர நொடியில ஒரு சின்னத் துண்டு நேரம் ஆகும். பேச்சுக்கு அது தெரியாது. தாளத்துக்குத் தெரியும். அதனால ஆசிரியரும் நீங்களும் ஒரே நேரத்துல சேர்ந்து வாசிக்கவே முடியாது. ‘நீங்க வாசிங்க, நான் கேட்கிறேன்... நான் வாசிக்கிறேன், நீங்க கேளுங்க’ன்னு மாத்தி மாத்தித்தான் நடக்கும்.

ரெண்டாவது, இந்த வீடியோ கால் ஆப்கள் எல்லாம் மனுஷக் குரலுக்காகச் செய்தது. தொடர்ந்து ஒலிக்கிற பியானோ சத்தத்தை ‘ஃபேன் சத்தம் போல’ன்னு நினைச்சு அமுக்கிடும். நாம மெல்லிசா வாசிச்சா காணாமலே போகும். ஜூம்ல ‘ஒரிஜினல் சவுண்டு’னு ஒரு வசதி இருக்கு. அதை ஆன் பண்ணினா இந்தத் தொல்லை குறையும். மூணாவது, கேமரா. முகத்தைக் காட்டி என்ன பிரயோஜனம்? போனை ஒரு ஸ்டாண்டுலயோ, புத்தக அடுக்கு மேலயோ வெச்சு விரலும் மணிக்கட்டும் தெரியுற மாதிரி பக்கவாட்டுல காட்டுங்க. மாசத்துக்கு ரெண்டு கிளாஸ் எடுத்தாக்கூடப் போதும், தப்பு ஊறிப்போறதுக்குள்ள பிடிச்சுடலாம்.

டிரினிட்டி காலேஜ் லண்டன், ஏ.பி.ஆர்.எஸ்.எம். ரெண்டு அமைப்புகளும் 2020-ல இருந்து, வாசிக்கிறதை வீடியோவா எடுத்து அனுப்பி எழுதுற கிரேடு தேர்வுகளை வெச்சிருக்காங்க. கிரேடு ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும். சின்ன ஊர்ல இருக்கிறவங்களுக்கு இது வரப்பிரசாதம். எதுல வாசிக்கலாம், எத்தனை கட்டை வேணும்னு அந்தந்த அமைப்போட விதிகளைப் பார்த்துட்டு இறங்குங்க.

பெரிய ஆட்களுக்கும் ஒரு காது இருந்துச்சு

‘ஜீனியஸ்களுக்கு வாத்தியாரே தேவையில்லை’ன்னு ஒரு நினைப்பு நம்மகிட்ட உண்டு. நிஜம் வேற. பண்ணைபுரத்துல இருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, மேற்கத்திய இசையை தன்ராஜ் மாஸ்டர்கிட்ட முறையா கத்துக்கிட்டார். ஏ.ஆர்.ரஹ்மானும் தன்ராஜ் மாஸ்டரோட மாணவர்தான். அதே ரஹ்மான் 2008-ல சென்னையில ஆரம்பிச்சது ஒரு இசைப் பள்ளி. 2019-ல அமெரிக்க டி.வி. நிகழ்ச்சியில மின்னல் வேகத்துல வாசிச்சு 10 லட்சம் டாலர் பரிசு ஜெயிச்ச லிடியன் நாதஸ்வரத்தோட அப்பா ஒரு இசையமைப்பாளர். வீட்டுலயே கேட்கிறதுக்கு ஒரு காது!

‘எனக்கு அதெல்லாம் வாய்க்கலையே’ன்னு சோர்ந்துட வேண்டாம். காசு செலவில்லாத ஒரு காது நம்ம பாக்கெட்லயே இருக்கு. போன்ல இருக்கிற ரெக்கார்டர்! வாசிக்கிறதைப் பதிவு பண்ணி, பத்து நிமிஷம் கழிச்சு வேற யாரோ வாசிச்ச மாதிரி நினைச்சுக் கேளுங்க. முதல் தடவை நான் கேட்டப்போ அதிர்ந்தே போயிட்டேன். தாளம் ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது. இடது கை சுத்தியலா அடிக்குது. பட்டாணி வறுக்கிற சத்தமேதான். ரூம் மேட் தீர்க்கதரிசி!

இதையும் கவனிங்க!

* வாங்கும்போது ‘டச் ரெஸ்பான்ஸ்’ இருக்கான்னு பாருங்க. மெதுவா அமுக்கினா மெல்லிசாவும், வேகமா அமுக்கினா பலமாவும் கேட்கணும். 300 ரிதம், 500 டோன்னு சொன்னா மயங்காதீங்க. முடிஞ்சா கனமான கட்டை உள்ள டிஜிட்டல் பியானோ. முடியலைன்னா 61 கட்டையில ஆரம்பிக்கிறது தப்பே இல்லை.

* கட்டில் மேல கீபோர்டு, தரையில சம்மணம்... வேண்டவே வேண்டாம். முழங்கை, கட்டை மட்டத்துக்கு வரணும். தோள் தொங்கட்டும். வலிச்சா உடனே நிறுத்துங்க. வலியோட வாசிக்கிறது வீரம் இல்லை.

* ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரத்தைவிட தினம் இருபது நிமிஷம் மேல்.

* முதல்ல வலது கை தனியா, அப்புறம் இடது கை தனியா. ரெண்டும் தூக்கத்துல வந்தப்புறம் சேருங்க. மெட்ரோனோமை 60-ல வெச்சு ஆரம்பிங்க. தப்பு வர்ற வேகம்னா அது உங்க வேகம் இல்லை.

* தப்பு வந்த இடத்துல முதல்ல இருந்து ஓடாதீங்க. அந்த ரெண்டு நோட்டை மட்டும் பத்துத் தடவை வாசிங்க. இல்லைன்னா ஆரம்பம் மட்டும் அபாரமா வரும், என் ‘ஃபூர் எலீஸ்’ மாதிரி!

* உங்க ஊர் சர்ச்சுல ஆர்கனோ கீபோர்டோ வாசிக்கிறவர், லைட் மியூசிக் அண்ணன், ஸ்கூல் மியூசிக் டீச்சர்... யாராவது ஒருத்தர் நிச்சயம் இருப்பார். மாசத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் கேட்கச் சொல்லுங்க. வெட்கத்தை விட்டா வாத்தியார் கிடைப்பார்.

க்ளைமாக்ஸ்!

கல்யாணம் முடிஞ்சு எட்டு மாசம் கழிச்சு ‘ஃபூர் எலீஸ்’ முதல் பகுதியை முழுசா, மெதுவா, ஸ்க்ரீன் பார்க்காம வாசிச்சேன். பதினோரு தடவை ரெக்கார்டு பண்ணினேன். பதினோராவதைக் கேட்டப்போதான் முதல் தடவையா பாட்டு கேட்டுச்சு, கட்டை கேட்கலை. நண்பன்கிட்ட நம்பர் வாங்கி, தாத்தாவுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற ப்ளஸ் டூ பையன் மாதிரி நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாம் நாள் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி ஃபேன் சத்தம், ஏதோ டி.வி. நியூஸ். நடுவுல அந்தக் குரல்.

‘‘நல்லாருக்கு மக்ளே. தோளு இறங்கியிருக்குன்னு கேக்கும்போதே தெரியுது. ஆனா இடது கை இன்னும் கொஞ்சம் சத்தம். குறைச்சுட்டு அனுப்பு, கேக்கேன்.’’

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அஞ்சு தடவை திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

ஆக, நானும் இப்போ ஆன்லைன்லதான் பியானோ கத்துக்கிறேன். சிவகாசிக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவுல, வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ். ரூம் மேட் மட்டும் இன்னும் புலம்புறான். ‘‘டேய், பட்டாணி சத்தமே பரவாயில்லடா. இப்ப ஒரே பாட்டை மெதுவா நூறு தடவை வாசிக்கிறியே... கொல்றியே மச்சான்!’’